கடப்பாரைக்கு முன்னே

2025 நவம்பர் தொடக்கத்தில் ஜவ்வாதுமலையிலுள்ள கோவிலூரில் ஒரு பழைய சிவன் கோயிலுக்குத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. கருவறைப் பகுதியில் மண்ணைத் தோண்டிய வேலையாட்களுக்கு ஒரு மண்பானை தட்டுப்பட்டது. உள்ளே 103 தங்கக் காசுகள். அதிகாரிகள் மலையேறி வந்து காசுகளைக் கைப்பற்றினார்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குத் தமிழகம் முழுக்க அந்த எண்ணைப் பற்றியே பேச்சு. கோயில் மூன்றாம் ராஜராஜ சோழன் காலத்தது என்று சொல்லப்படுகிறது. அவன் ஆட்சி 1216-இல் தொடங்கி 1256-இல் முடிந்தது. காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனிடம் சிறைப்பட்டு, போசள மன்னனின் படை வந்து மீட்கவேண்டியிருந்த சோழன் அவன். பெரிய அரசு ஒன்று கண்ணெதிரே தளர்ந்துகொண்டிருந்த காலம்.

காசுகள் பத்திரமாக அரசின் கைக்கு வந்துவிட்டன. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எந்தப் புதையல் கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. அந்த அளவில் எல்லாம் முறைப்படிதான். எனக்கு மனம் ஆறாதது வேறொன்றில்.

கருவறைக்கு அடியில் பானை கிடைத்தால் அதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. கோயில் கட்டும்போதே, முதல் கல் வரிசைக்கு முன்னால், பொன்னும் மணியும் தானியமும் வைத்துச் செய்யும் கர்ப்பநியாசம் ஒன்று. ஆபத்துக் காலத்தில் யாரோ தரையைப் பெயர்த்து, பானையை உள்ளே இறக்கி, மேலே கல்லை மூடிவிட்டுப் போனது இன்னொன்று. முதலாவது உண்மையென்றால் அந்தக் காசுகள் கோயிலின் பிறந்த தேதியையே சொல்லும். இரண்டாவது என்றால், எந்தப் படையெடுப்புக்கு அஞ்சி இந்த மலைக்குப் பொன் வந்தது என்ற முற்றிலும் வேறான வரலாறு. இரண்டில் எது என்பதைக் காசுகள் மட்டும் சொல்லிவிடாது. பானை எந்த ஆழத்தில் இருந்தது, அதன்மேல் இருந்த மண் கலைக்கப்பட்ட மண்ணா, கலையாத அடுக்கா, பக்கத்தில் கரி கிடந்ததா, ஓடு கிடந்ததா என்று பார்க்கத் தெரிந்த கண் அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்கவேண்டும். தோண்டி அள்ளிக் கொட்டிய மண்ணை மறுபடி அடுக்க முடியாது.

இதற்கு அந்த வேலையாட்களைக் குறை சொல்வது அநியாயம். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை தோண்டுவது, தோண்டினார்கள். கிடைத்ததை மறைக்காமல் வெளியே சொல்லியிருக்கிறார்கள் என்பதே பெரிது. கடப்பாரை போவதற்கு முன்னால் வேறொருவர் போயிருக்கவேண்டும் என்ற வரிசையை நாம் இன்னும் ஏற்படுத்தவில்லை. ஜவ்வாதுமலையிலும் அதன் அடிவாரத்துச் சிற்றூர்களிலும் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலை இடறும் இடம் எதுவென்று கேட்டால், பெரும்பாலும் இதைத்தான் நான் சொல்வேன். பணத்தட்டுப்பாடு அதற்குப் பிறகுதான்.

ஊர் கூடிச் செய்யும் தவறு

ஒரு கிராமத்துக் கோயில் எப்படிப் பழுதாகிறது என்று பாருங்கள். மேல்தளத்தில் ஒரு கல் இடைவெளி விடும். மழைநீர் அதற்குள் இறங்கும். பறவை போட்ட எச்சத்தில் அரசங்கன்று முளைக்கும். வெட்டினால் தழையும், வேர் உள்ளேயே பருத்துக் கல்லைக் கல்லிலிருந்து பிரிக்கும். கருவறை ஒழுக ஆரம்பித்ததும் ஊர் கூடிப் பேசுகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடக்கவேண்டும் என்பது வழக்கம்; அது தள்ளிப்போய் இருபது, முப்பது ஆண்டாகியிருக்கும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். அரசின் உதவியும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளிலுள்ள கோயில்கள் 1,250, கிராமப்புறக் கோயில்கள் 1,250 என்று தேர்ந்தெடுத்து, கோயில் ஒன்றுக்கு 2 லட்சம் ரூபாய் தரும் திட்டம் இந்து சமய அறநிலையத் துறையில் 2021-22-இல் தொடங்கியது.

பணம் வந்ததும் மேஸ்திரி வருகிறார். அவருக்குத் தெரிந்தது சிமெண்ட். ஒழுகும் தளத்தின்மேல் நாலங்குலத்துக்குக் கான்கிரீட் விழுகிறது. சுவரில் எண்ணெயும் புகையும் படிந்திருக்கிறதா, மணலை வேகமாக வீசிச் சுத்தம் செய். தடை செய்யப்பட்ட முறைதான். ஆனாலும் கருங்கல் பளிச்சென்று புதிதாகத் தெரிவதில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தப் பளிச்சோடு கல்வெட்டின் மேல்தோலும் போய்விடுகிறது. எண்ணூறு ஆண்டு வெயிலும் மழையும் அழிக்காத எழுத்தை ஒரு பிற்பகல் அழித்துவிடும். தரையில் பளிங்கு ஓடு, தூணுக்கு எனாமல் பெயிண்ட், குடமுழுக்கு.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. சாமிக்கு நல்லது செய்கிறோம் என்ற உண்மையான அன்போடுதான் ஊர் செலவழிக்கிறது. அந்த அன்புக்கு முன்னால் நின்று, இது பழமை, தொடாதே என்று மட்டும் சொல்லும் ஆய்வாளரை ஊர் மதிக்காது, மதிக்கவும் வேண்டியதில்லை. மழை ஒழுகுகிறதே, அதற்கு என்ன வழி என்று ஊர் கேட்கும் கேள்விக்குப் பதிலோடு வருபவர்தான் தேவை.

2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு யுனெஸ்கோ குழு அளித்த அறிக்கை, தகுதியுள்ள பாதுகாப்பு வல்லுநர்கள் இல்லாமலேயே தமிழகத்தின் பழங்கோயில்களில் வேலை நடப்பதைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. 2021 ஜூன் 7 அன்று அதே நீதிமன்றம், கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 75 உத்தரவுகள் அடங்கிய தீர்ப்பை வழங்கியது. பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-லேயே சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அது நடைமுறைக்கு வர 2024 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இப்போது திருப்பணிக்கு முன் தொல்லியல் வல்லுநர் கருத்து, மாநில அளவிலான குழு ஒப்புதல் என்று விதிகள் இருக்கின்றன. பெரிய கோயில்களில் அவை வேலை செய்கின்றன என்பதையும் சொல்லவேண்டும்.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். அறநிலையத் துறையின் கீழ் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சமய நிறுவனங்கள். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை ஏறத்தாழ நூறு. மத்தியத் துறையின் பொறுப்பில் நானூற்றுச் சொச்சம். மற்றவையெல்லாம் ஊரின் கையிலும் மேஸ்திரியின் கையிலும்தான். ஆயிரம் ஆண்டு பழமையான கோயில்களைச் சீரமைக்க ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன். கோவிலூர்க் கோயில் 13-ஆம் நூற்றாண்டு என்றால், அந்த ஆயிரத்தைத் தொட அதற்கு இன்னும் இரண்டு நூற்றாண்டு பாக்கி.

மணலுக்குள் ஒரு தலைநகரம்

மலையை விட்டுக் கிழக்கே இறங்கினால் கமண்டல நாகநதிக் கரையில் படவேடு. இன்று வாழைத் தோட்டங்களும் ரேணுகாம்பாள் கோயிலும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆடி மாதத்தில் அந்தச் சாலையில் கால்வைக்க இடமிருக்காது. இப்பகுதியை ஆண்ட சம்புவராயர்களின் தலைநகரம் இதுதான். அங்கே அம்மையப்பர் கோயிலிலுள்ள, ராஜகம்பீர சம்புவராயனின் 1258-ஆம் ஆண்டுக் கல்வெட்டை ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். அவர் பார்த்தபோது அந்தக் கல் தரையில் பதிக்கப்பட்டிருந்தது. பழைய திருப்பணி ஒன்று கல்வெட்டை நடைபாதைக் கல்லாக்கிவிட்டது. இந்த நோய் நம் காலத்தில் தோன்றியதல்ல.

1360-களில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் சம்புவராயரை வென்றான். அதன்பின் ஊர் அழியவில்லை. படைவீட்டு ராஜ்ஜியம் என்ற மாகாணமாகத் தொடர்ந்தது. இரண்டாம் தேவராயர் காலத்தில், 1425-இல், படைவீட்டு ராஜ்ஜியத்து அந்தணர்கள் கூடி, இனிப் பெண்ணுக்குப் பொன் வாங்கிக் கல்யாணம் செய்வதில்லை, கன்னிகாதானமாகவே செய்வோம் என்று எழுதிவைத்த கல்வெட்டு விரிஞ்சிபுரம் கோயிலில் இருக்கிறது. தலைநகரத்தின் பெயர் ஒரு சமூக ஒப்பந்தத்தில் ஏறும் அளவுக்கு அந்த ஊருக்கு வாழ்வு இருந்தது.

பிறகு மக்கள் நகர்ந்தார்கள். காடு வந்தது, ஆற்று மணல் வந்தது. கோட்டைச் சுவர்களும் கோயில்களும் புதருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போயின. அங்கேயிருந்து 1990-களில் தொடங்கிய மீட்பு வேலை, டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் முன்னின்று நடத்தியது. சின்முத்திரையோடு அமர்ந்த யோக ராமர், எதிரே சுவடி படிக்கும் அனுமன் என்ற அபூர்வமான கோலமுள்ள ராமர் கோயில், மலைமேல் இருக்கும் வேணுகோபால சுவாமி கோயில் எனப் பல கோயில்கள் மறுபடி வழிபாட்டுக்கு வந்தன.

படவேட்டிடம் கற்கவேண்டியது கல்லை நிமிர்த்திய திறமையை மட்டுமல்ல. 1996-இல் தொடங்கிய சீனிவாசன் சேவை அறக்கட்டளை அதே வட்டாரத்தில் விவசாயம், சுகாதாரம், பள்ளி என்று ஊர்ப் பணிகளையும் எடுத்துக்கொண்டது. கோயிலை மட்டும் நிமிர்த்திவிட்டுப் போயிருந்தால், ஐந்து மழைக்காலத்தில் அரசங்கன்று திரும்ப வந்திருக்கும். விளக்கேற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் ஊரில் இருக்க வருமானம் வேண்டும். அவர் பார்க்கும்போதுதான் கன்று இரண்டு இலையோடு பிடுங்கப்படும். ஒரு பெரிய தொழில் குடும்பத்தின் கை கிடைத்த ஊர் அது என்பதும் உண்மை. தமிழகத்தின் மற்ற படவேடுகளுக்கு அந்தக் கை இல்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளி ஆரணி. 1751-இல் கிளைவும் 1782-இல் ஐர் கூட்டும் போரிட்ட ஊர். ஜாகீர்தார்களின் ஊர். கோட்டைப் பகுதியில் ஆங்கிலேயர் காலத்து அரசு அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. 1790-இல் ஆரணியில் இறந்த கர்னல் கெல்லியின் நினைவுச்சின்னமும் இருக்கிறது. ஊருக்கு வெளியே பூசிமலைக்குப்பத்தில் காட்டோரம் ஜாகீர்தாரின் கண்ணாடி மாளிகை கூரையிழந்து கிடக்கிறது. வார இறுதிகளில் இளைஞர்கள் படம் எடுக்கப் போகிறார்கள். 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நியாயமானது. ஆனால் அதன்பின் இத்தகைய மாளிகைகளைத் தாங்கும் வருமானமும் இல்லை, ஏற்க வேறு கையும் இல்லை. கோட்டைக்குள்ளிருந்த சாதாரண அலுவலகக் கட்டடங்கள் மாளிகையைவிடத் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், தினமும் காலையில் யாரோ கதவைத் திறந்ததுதான் என்று நினைக்கிறேன்.

மலைக் கடுக்காயும் நகரத்துச் சாந்தும்

சென்னைச் சேப்பாக்கத்தில் 2012 ஜனவரியில் தீப்பிடித்த கலச மகாலைப் பொதுப்பணித் துறை சீரமைத்தபோது, சிமெண்ட்டை ஒதுக்கிவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்பினார்கள். பக்கத்து ஹுமாயூன் மகாலுக்கும் அதுதான் வழி. சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரை ஊற்றிப் பிசையும் சாந்து. கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் வெல்லத்தின் இனிப்பும் சாந்தை இளக்கமாக வேலை செய்ய விடுகின்றன, இறுக்கத்தைக் கூட்டுகின்றன.

இது பழமைப் பற்றால் செய்யும் சடங்கல்ல. பழைய செங்கல் மென்மையானது; ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்தும் அப்படியே. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் தங்கும். உப்பு பூத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். சுவர் அசையும்போது சாந்து விரிசல் விட்டுக்கொடுக்கவேண்டும். சிமெண்ட் விட்டுக்கொடுக்காது, செங்கல்தான் உடையும். பத்தாண்டு கழித்துப் பார்க்கும் பொறியாளர், கட்டடம் பழசாகிவிட்டது, இடித்துவிடலாம் என்று எழுதுவார். அதைக் கொன்றது நாம் செய்த பழுதுபார்ப்பு என்று எந்தக் கோப்பிலும் வராது.

அந்தக் கடுக்காய் ஜவ்வாதுமலையில் விளைகிறது. தேன், புளி, நெல்லியோடு மலையாளிப் பழங்குடியினர் காட்டிலிருந்து சேகரிக்கும் சிறுவனப் பொருட்களில் கடுக்காயும் ஒன்று. ஒருகாலத்தில் மலையின் வடக்கு அடிவாரத்திலுள்ள ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிலுக்குக் கடுக்காய் பெரிய அளவில் வேண்டியிருந்தது. 1970-களுக்குப் பிறகு குரோம் பதனீடு பரவியதும் அந்தத் தேவை சுருங்கியது. இன்று தமிழகம் முழுக்க நூற்றுக்கணக்கான பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து தேவைப்படுகிறது. மலையிலிருந்து மூட்டையில் இறங்கும் காய்க்கும், நகரத்தில் கலக்கும் சாந்துக்கும் இடையே தரகர்கள் நிற்கிறார்களே தவிர, பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் நேரடியாக நிற்கவில்லை. 2006-இன் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருட்களின் உரிமையை அவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

சாந்து கிடைத்தாலும் அதைப் பூசும் கை அபூர்வம். சுண்ணாம்புப் பூச்சு மெல்ல, பல அடுக்காக ஏறவேண்டும். ஒவ்வொரு அடுக்கும் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி இறுகக் காத்திருக்கவேண்டும். நம் ஒப்பந்த முறைக்கு இந்தப் பொறுமை பிடிபடாது. குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கு வேலை. நிதியாண்டு முடிவதற்குள் பில். அளவுப் புத்தகத்தில் கன மீட்டருக்கு இவ்வளவு. சாந்து புளிக்க விட்ட நாட்களை எந்தப் பத்தியில் எழுதுவது? உத்தரத்தின்மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வரிசையில் செருகிப் போடும் மெட்ராஸ் டெரஸ் கூரையை இன்று போடத் தெரிந்த கொத்தனார்கள் எத்தனை பேர்? தெரிந்தவரின் மகன் டைல்ஸ் வேலைக்குப் போய்விட்டார். அங்கே தினக்கூலி உறுதி.

புதுச்சேரியைப் பார்த்தால் இரண்டு பாடங்களும் ஒரே நகரத்தில் கிடைக்கும். 2002-இலிருந்து 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் துணையோடு, வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளின் முகப்புகள் திண்ணையும் தாழ்வாரமுமாக மீட்கப்பட்டன. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு போட்டார்கள். 2008-இல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. வீடு வீட்டுக்காரரிடமே இருந்தது. தெருவுக்குத் தன்முகம் திரும்ப வந்தது. அதே நகரத்தில், கடற்கரைச் சாலையில், 1870-களின் தொடக்கத்தில் கட்டிய மேரி எனப்படும் நகர்மன்றக் கட்டடம் எத்தனையோ எச்சரிக்கைகளுக்குப் பிறகும் பழுதுபார்க்கப்படாமல் நின்று, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி உதவியோடு அதேபோல ஒன்றைக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. பழையதைத் தாங்கிப் பிடிக்கக் கிடைக்காத பணம், அது விழுந்தபின் நகல் கட்டக் கிடைத்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பட்டியலில் இல்லாதவை

கோயிலாவது ஊரின் கண்ணில் படும். ஜவ்வாதுமலையின் கீழ்சேப்பிளிப் பகுதியில் பாறைகளின்மேல் நிற்கும் பெருங்கற்காலக் கற்திட்டைகளுக்கு வழிபாடும் இல்லை, வேலியும் இல்லை. மூன்று பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்று தமிழகத்தின் பல மலைகளில் இவற்றைச் சொல்வார்கள். உள்ளே புதையல் இருக்கும் என்ற நம்பிக்கைதான் இவற்றின் பெரிய எதிரி. கோவிலூர்ச் செய்திக்குப் பிறகு அந்த நம்பிக்கை வலுத்திருக்குமே என்று அஞ்சுகிறேன்.

மலையின் தெற்கு அடிவாரத்தில் செங்கம். அங்கே கிடைத்த நடுகற்களை 1970-களின் தொடக்கத்தில் மாநிலத் தொல்லியல் துறை, இரா. நாகசாமியின் பொறுப்பில், தனி நூலாகவே வெளியிட்டது. பல்லவர் காலத்தில் ஆநிரை மீட்டு இறந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் கிடந்த கற்கள் அவை. ஊர் ஊராக நடந்து, தேடி, படித்து, மைப்படி எடுத்து, அச்சிட்டதனால் அவற்றில் சில பின்னாளில் காணாமல் போனாலும் எழுத்து நம்மிடம் இருக்கிறது. அந்த உழைப்பு நடந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

மலையாளிகளின் மண்சுவர், புல்கூரை வீடுகள் வேறு கணக்கு. தொகுப்பு வீடும் கான்கிரீட்டும் வந்தபின் அவை வேகமாக மறைகின்றன. மழையில் ஒழுகாத வீடு வேண்டும் என்று கேட்கும் குடும்பத்திடம் பழைய வீட்டை வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஊருக்கு ஒன்றையாவது அளந்து, வரைந்து, கட்டத் தெரிந்த முதியவரின் கைவேலையைப் படமெடுத்து வைக்கலாம். அதற்குக் கோடிகள் வேண்டாம்.

உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. உதவித்தொகைக்குத் தேர்வாகும் கிராமக் கோயில்களின் பெயர்ப்பட்டியல், வேலை தொடங்குவதற்கு முன்பே அலுவலகங்களில் தயாராகிவிடுகிறது. எந்த ஊரில், எந்தக் கோயிலில் கடப்பாரை இறங்கப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். திருப்பத்தூரிலும் திருவண்ணாமலையிலும் கல்லூரிகள் இருக்கின்றன. வரலாறு படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜமுனாமரத்தூருக்குப் போளூரிலிருந்து அத்திமூர் வழியாகவும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும் மலைச்சாலை இருக்கிறது. ஒரு தொல்லியல் அலுவலர், மூன்று நான்கு மாணவர்கள், அளவு நாடா, கேமரா, மைப்படி எடுக்கத் தாளும் மையும். வெள்ளையடித்த சுவரில் எழுத்து இருக்கிறதா, தரைக்கல்லில் எழுத்து இருக்கிறதா, எந்த இடத்தில் தோண்டக்கூடாது, கூரை எந்த மூட்டில் ஒழுகுகிறது, சுண்ணாம்பால் அதை எப்படி அடைப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஊர்க்காரர்களை உட்காரவைத்துப் படித்துக் காட்டிவிட்டு வரலாம். கருவறைத் தரையைத் திறக்கவேண்டிய நாளில் மட்டும் அந்த அலுவலர் மறுபடி வரவேண்டும். அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஜவ்வாதுமலைக் கோயில்களின் பெயர் வரும்போது, பணம் விடுவிக்கும் ஆணையின் நகல் ஒன்று ஒப்பந்ததாரருக்குப் போவதற்கு முன்னால் தொல்லியல் அலுவலரின் மேசைக்குப் போகட்டும்.